43 டார்ச் வைத்தும் வீடு சுரங்கம் மாதிரி இருக்கிறது: மைன்கிராஃப்ட் வீட்டுக்கு விளக்கு யோசனை வேண்டும்

மரவீட்டுக்காரன்:

வணக்கம். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சர்வரில் மைன்கிராஃப்ட் ஆடுகிறோம், பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்டும் அந்த ஆட்டத்தின் சர்வைவல் முறை. ஜாவா எடிஷன் (கணினிப் பதிப்பு), மாட் (வெளியார் செய்த சேர்ப்பு) எதுவும் கிடையாது. மூன்று வாரமாக உட்கார்ந்து ஒரு வீடு கட்டினேன். ஸ்ப்ரூஸ் பலகைச் சுவர், டார்க் ஓக் தூண்கள், மேலே சாய்வுக் கூரை. உள்ளளவு 15க்கு 11 பிளாக். கீழே தடுப்பே இல்லாத ஒரு பெரிய கூடம், அதன் உயரம் 4 பிளாக். மாடியில் நடுச்சுவர் எழுப்பி இரண்டு அறை. அதற்கும் மேலே பரண்.

கட்டி முடிக்கும்வரை எனக்கே பெருமையாக இருந்தது. விளக்கு வைக்க ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. இருட்டாக ஒரு மூலை தெரிந்தால் போதும், அங்கே ஒரு டார்ச் குத்திவிடுவேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், 43 இருக்கிறது. பார்க்க வந்த நண்பன் உள்ளே ஒரு சுற்று வந்துவிட்டு, "நிலக்கரி எந்தப் பக்கம் வெட்ட வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அதற்கு முன்னால் வேறொரு முயற்சியும் செய்தேன். இணையத்தில் ஒரு படம் பார்த்தேன். மரவீட்டுக்குள் சோல் லாந்தர் தொங்குகிறது, சுவர் முழுக்க நீல ஒளி வழிகிறது. அவ்வளவு அழகு. நெதர் என்ற பாதாள உலகத்துக்குப் போய் சோல் சாண்ட் அள்ளி வந்து எட்டு லாந்தர் செய்து மாட்டினேன். நெருப்பு மட்டும் நீலம், சுவர் பழைய சுவராகவே இருந்தது, கூடவே அறையும் மங்கிப்போனது. எங்கே தப்பு செய்தேன்?

இத்தனைக்கும் நடுவில், போன வாரம் சுரங்கத்திலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், பரண் ஏணி வழியாக ஒரு கிரீப்பர் (இருட்டில் முளைத்து, பக்கத்தில் வந்து வெடிக்கும் பிராணி) இறங்கி வருகிறது. சாமான் பெட்டிகள் வைத்திருந்த சுவரோடு போயிற்று. அந்தப் பயத்தில்தான் கடைசி இருபது டார்ச்.

கையில் இருப்பது: இரும்பு தாராளம், குளோஸ்டோன் (ஒளிரும் கல்) கொஞ்சம், சில்க் டச் பிக்காக்ஸ் ஒன்று, பூசணித் தோட்டம் ஒன்று. எண்ட் என்ற உலகத்துக்கு இன்னும் போகவில்லை. தேனீ வளர்க்கவில்லை. வீடு பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், உள்ளே எதுவும் முளைக்கவும் கூடாது. யோசனை சொல்லுங்கள்.

இடிமுழக்கம்:

ப்ரோ, கூரை முழுக்கக் குளோஸ்டோன் பதித்துவிடுங்கள். 15 லெவல் வெளிச்சம். சில்க் டச் வைத்து உடைத்தால் முழு பிளாக்காகவே விழும், தூளைப் பொறுக்கிச் சேர்க்கிற வேலை இல்லை. ஒரே இரவில் முடிந்துவிடும். ஒரு கிரீப்பர் எட்டிப் பார்க்காது. அழகெல்லாம் அப்புறம்.

அந்திவிளக்கு:

இடிமுழக்கம் சொல்வதில் பாதி சரி. கிரீப்பர் எட்டிப் பார்க்காதுதான். ஆனால் வீட்டுக்காரருக்கே உள்ளே உட்காரத் தோன்றாது. நான் ஆடும் சர்வரில் வீடு கட்ட எல்லோருக்கும் தெரியும், விளக்கு வைக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். இதுவரை முப்பது வீட்டுக்காவது வைத்திருப்பேன். என் வேலையில் முக்கால் பங்கு, ஏற்கெனவே இருக்கும் டார்ச்சுகளைப் பிடுங்குவது. ஆகவே தம்பி (வயது தெரியாது, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்), கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு சுரங்கம் மாதிரி இருப்பதற்கு டார்ச் காரணமில்லை, அது பரவியிருக்கும் விதம்தான் காரணம். இந்த ஆட்டத்தில் வெளிச்சத்துக்கு 0 முதல் 15 வரை அளவு. டார்ச் நிற்கும் பிளாக்கில் 14. பக்கத்துப் பிளாக்கில் 13, அதற்கடுத்ததில் 12, இப்படி ஒன்றொன்றாகக் குறையும். மூலைவிட்டமாகப் போனால் ஒரு பிளாக்குக்கு இரண்டு குறையும், ஏனென்றால் கணக்கு நேராகப் போய்த் திரும்புகிற கணக்கு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது என்னவென்றால், இரண்டு விளக்குகளின் வெளிச்சம் ஒன்றோடொன்று கூடாது. ஓர் இடத்துக்கு ஒரு டார்ச்சிலிருந்து 9 வருகிறது, இன்னொன்றிலிருந்து 11 வருகிறது என்றால் அங்கே 11தான். பெரியது நிற்கும், சின்னது மறைந்துவிடும். ஆக 43 டார்ச் வைத்து நீங்கள் வீட்டை அதிக வெளிச்சமாக்கவில்லை. எங்கே நின்று பார்த்தாலும் 11, 12, 13 என்று தட்டையாக்கியிருக்கிறீர்கள். கண்ணுக்கு ஒரு மூலையும் இன்னொரு மூலையும் வித்தியாசமே தெரியாது. சுரங்கத்தில் நாம் டார்ச் வைப்பதும் அப்படித்தானே, அதனால்தான் உங்கள் நண்பருக்கு நிலக்கரி ஞாபகம் வந்தது.

இப்போது கிரீப்பர் விஷயம். பழைய பதிப்புகளில் வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஜாம்பி வகையறா முளைக்கும். அந்தக் காலத்துப் பழக்கத்தில்தான் இன்னும் பலர் ஐந்தாறு பிளாக்குக்கு ஒரு டார்ச் குத்துகிறார்கள். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து விதி மாறிவிட்டது. விளக்கு வெளிச்சம் 0 ஆக இருக்கும் இடத்தில்தான் முளைக்கும். 1 இருந்தால் போதும், முளைக்காது. நான் விளக்கு வைக்கும் முறையே இந்த மாற்றத்துக்குப் பிறகு தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் அழகும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று சண்டை போடும். இப்போது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். நான் ஒன்றைக் காவல் விளக்கு என்பேன், மற்றதைக் கண் விளக்கு என்பேன். காவல் விளக்கு யார் கண்ணிலும் படக்கூடாது. கண் விளக்கு எண்ணிக்கையில் குறைவாக இருக்க வேண்டும்.

காவல் விளக்குக்கு உங்கள் பூசணித் தோட்டமே போதும். பூசணியைக் கத்தரிக்கோலால் செதுக்கி, கிராஃப்டிங்கில் கீழே ஒரு டார்ச் வைத்தால் பூசணி விளக்கு, 15 லெவல். குளோஸ்டோனை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இரண்டு அறை என்றீர்கள். 15 பிளாக்கில் நடுச்சுவருக்கு ஒன்று போனால் ஒவ்வொரு அறையும் 7க்கு 11. ஒவ்வோர் அறையின் நட்டநடுவிலும் தரையில் ஒரு பிளாக்கை எடுத்துவிட்டுப் பூசணி விளக்கைப் பதியுங்கள். மேலே கார்ப்பெட் விரியுங்கள். கார்ப்பெட் வெளிச்சத்தைத் தடுக்காது. விளக்குக்கு நேர் மேலே 14, அறையின் கடைசி மூலை அங்கிருந்து 3 கூட்டல் 5, அதாவது 8 பிளாக். மூலையில் 6 கிடைக்கும். அந்த விளக்கு கீழே கூடத்தின் மேற்கூரையிலும் தெரியுமல்லவா, அங்கே ஒரு ஸ்ப்ரூஸ் ட்ராப்டோரை (தரையில் வைக்கும் பலகைக் கதவு) மூடிய நிலையில் ஒட்டிவிடுங்கள். ஸ்ப்ரூஸ் ட்ராப்டோரில் ஓட்டை கிடையாது, பலகைக் கூரையில் ஒரு சட்டம் மாதிரி நிற்கும், வெளிச்சமும் தடைபடாது. கூடத்தின் தரையில் விளக்குக்கு நேர் கீழே 11, மூலையில் 3. பரணின் தரையிலும் இதே மாதிரி இரண்டு. மொத்தம் நான்கு பூசணி. மூன்று தளத்துக்கும் காவல் முடிந்தது.

பரணில் ஏன் கிரீப்பர் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நான் வீட்டில் இருக்கும்போது ஒன்றும் வராது, வெளியே போய் வந்தால்தான் வருகிறது" என்று நிறையப் பேர் குழம்புவார்கள். நம்மைச் சுற்றி 24 பிளாக்குக்குள் எதுவும் முளைக்காது. வீட்டுக்குள் இருக்கும்வரை அந்த இருட்டுப் பரணும் பாதுகாப்புதான். நீங்கள் சுரங்கத்துக்குக் கிளம்பிய பிறகு பரண் அந்த 24க்கு வெளியே போய்விடுகிறது. அப்போது முளைத்தது, நீங்கள் வரும்வரை காத்திருந்தது. மனிதர்கள் புழங்காத இடத்துக்குத்தான் முதலில் காவல் விளக்கு வைக்க வேண்டும். பரண், படிக்கட்டுக்கு அடி, பெட்டிகளுக்குப் பின்னால் விடும் அந்த ஒரு பிளாக் சந்து.

சரி, கண் விளக்கு. இங்கேதான் ரசனை வேலை செய்யும், நான் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும் என்றில்லை.

நான் ஒரு வீட்டுக்குள் போனதும் முதலில் கேட்பது, இந்த அறையில் ஆள் எங்கே நிற்பார் என்பதுதான். கூடத்தில் ஒரு மேஜை இருக்கும், ஒரு அடுப்பு அல்லது கணப்பு இருக்கும், படிக்கட்டு ஆரம்பிக்கும் இடம் இருக்கும், வாசல் இருக்கும். விளக்கு இந்த நான்குக்கும்தான், சுவருக்கு இல்லை. மேஜைக்கு மேலே சங்கிலி ஒன்று, அதன் கீழே இரும்பு லாந்தர் ஒன்று. 4 பிளாக் உயரத்தில் சங்கிலிக்கு ஒன்று, லாந்தருக்கு ஒன்று போக, ஆள் நடக்க இரண்டு மிஞ்சும், தலை இடிக்காது. ஒரு லாந்தருக்கு ஒரு டார்ச்சும் எட்டு இரும்புத் துணுக்கும் போதும், ஒரு முழு இரும்புக் கட்டிகூடச் செலவாகாது. லாந்தர் 15 தருவதால் மேஜையிலிருந்து மூலைவரை படிப்படியாக இறங்கும். அந்த இறக்கம்தான் அழகு. கணக்குப்படி 15க்கு 11 கூடத்தின் மையத்தில் தொங்கும் ஒற்றை லாந்தரே மூலைக்கு 1 கொடுத்துவிடும். ஆனால் நடுவில் ஒரு புத்தக அலமாரி நின்றாலும் வெளிச்சம் அதைச் சுற்றிப் போக வேண்டும், அந்த 1 வழியிலேயே தீர்ந்துவிடலாம். அதனால்தான் காவலைத் தனியாக வைக்கச் சொன்னேன்.

படிக்கட்டுப் பக்கம் சுவரில் ஒரு பிளாக்கைக் குடைந்து மாடம் மாதிரி விட்டு, உள்ளே ஒரு லாந்தரை வையுங்கள். சுவரின் தடிமன் ஒன்றுதான் என்றால் பின்னால் இன்னொரு பிளாக் வைத்துத் தடிக்க வைக்க வேண்டியிருக்கும், வெளிப்புறம் பார்க்க ஒரு தூண் மாதிரி வந்துவிடும், அதுவும் நன்றாகவே இருக்கும். மாடத்துக்குள் இருக்கும் விளக்கு முன்பக்கம்தான் ஒளி விடும். இரு பக்கச் சுவரிலும் ஒளி கொஞ்சம் பிந்தி வரும். இந்த ஆட்டத்தில் விளக்குக்கு நிழல் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் இப்படிச் சுவரை வைத்து நாமே செய்துகொள்ள வேண்டும்.

கணப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நெதர்ராக் கல்லின் மேல் நெருப்பு வைத்தால் அணையாமல் எரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும். என் முதல் வீட்டில் அப்படித்தான் வைத்தேன். கணப்பைச் சுற்றிக் கல்தான் வைத்திருந்தேன், மேலே கூரை மட்டும் ஓக் பலகை. நடுவில் மூன்று பிளாக் காற்று இருக்கிறதே, தாண்டாது என்று நினைத்தேன். நெருப்பு மேல்நோக்கி நான்கு பிளாக்வரை தாவும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தோட்டத்தில் கேரட் நட்டுவிட்டுத் திரும்பினால் கல் கணப்பு மட்டும் நடுவெளியில் நிற்கிறது, நெருப்பு அதன்மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீடு முழுக்க மரம். நெருப்பு வேண்டாம், கேம்ப்ஃபயர் வையுங்கள். 15 லெவல், பக்கத்து மரத்தைப் பற்றவைக்காது. அதன் மேல் ஏறி நின்றால் உங்களுக்குத்தான் சுடும். புகை சுமார் 10 பிளாக் ஏறும், அடியில் வைக்கோல் கட்டு வைத்தால் 24வரை போகும், ஆகவே புகைக்கூண்டைத் திறந்தே விடுங்கள். தூரத்திலிருந்து வரும்போது வீட்டின் மேல் புகை தெரிவது ஒரு தனி சுகம்.

அப்புறம் உங்கள் நீல விளக்கு. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தப் படம் ஷேடர் (திரையில் ஒளியை மாற்றிக் காட்டும் சேர்ப்பு) போட்டு எடுத்தது. மாட் இல்லாத ஜாவா எடிஷனில் விளக்கின் வெளிச்சத்துக்குத் தனி நிறம் கிடையாது. சோல் லாந்தரின் சுடர் நீலம், அது சுவரில் விழும்போது மற்ற விளக்கு மாதிரியேதான். நிறக் கண்ணாடி வைத்தாலும் அப்படித்தான். பீக்கன் பிளாக் வானை நோக்கி விடும் ஒளிக்கற்றை மட்டும் கண்ணாடியின் நிறத்துக்கு மாறும், லாந்தர் மாறாது. ஐரிஸ் அல்லது ஆப்டிஃபைன் என்ற மாட் போட்டு ஒரு ஷேடர் சேர்த்தால் உங்கள் திரையில் வேண்டுமானால் நீலம் வழியும், உங்கள் ஐந்து நண்பர்களின் திரையில் வழியாது. வீட்டைப் பார்க்க வருபவர் கண்ணால் எதைப் பார்ப்பாரோ அதற்குத்தான் நான் விளக்கு வைப்பேன்.

ஆனால் அந்த எட்டு லாந்தரையும் தூக்கிப்போடாதீர்கள். அது 10 லெவல். நிறத்துக்காக இல்லை, மங்கலுக்காக அதை நான் தேடிப்பிடித்து வைப்பேன். படுக்கை அறைக்கு ஒன்று வையுங்கள், நான்கு பிளாக்கிலேயே 6க்கு இறங்கிவிடும், அறை தூங்கச் சொல்லும். நீலம் சூழ்ந்த மாதிரி தோன்ற வேண்டுமென்றால் பொருளில் நீலத்தைக் கொண்டுவாருங்கள்: சையன் கார்ப்பெட், நீலப்பச்சை வார்ப்டு பலகையில் ஒரு அலமாரி. சுடர் நீலம், பொருள் நீலம், மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். பனிப் பிரதேசத்தில் வீடு கட்டுபவர்களுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. டார்ச் பக்கத்தில் பனியும் பனிக்கட்டியும் உருகிவிடும், சோல் விளக்குக்கு உருகாது.

தேனீ வளர்க்கவில்லை என்றது மட்டும் எனக்கு வருத்தம். ஒரு கூடு கொண்டுவந்து வைத்து, அடியில் கேம்ப்ஃபயர் வைத்துவிட்டுக் கத்தரித்தால் தேனீ கோபிக்காது, தேன்மெழுகு கிடைக்கும். அதில் ஒன்றும் நூல் ஒன்றும் சேர்த்தால் மெழுகுவத்தி. ஒரே பிளாக்கில் நான்குவரை வைக்கலாம்: ஒன்றுக்கு 3, இரண்டுக்கு 6, மூன்றுக்கு 9, நான்குக்கு 12. இந்த ஆட்டத்தில் வெளிச்சத்தின் அளவை இவ்வளவு எளிதாக நம் கையால் கூட்டிக் குறைக்க முடிவது இதில்தான். சக்கிமுக்கியால் பற்றவைக்கலாம், வெறுங்கையால் தொட்டால் அணைந்துவிடும். படுக்கைப் பக்கம் ஒன்று, எழுதும் மேஜையில் மூன்று. நான் வைத்த வீடுகளில் ஆட்கள் படம் எடுத்துப் போடுவது பெரும்பாலும் இந்த ஒற்றை மெழுகுவத்தி மூலையைத்தான், நான் பாடுபட்டு வைத்த கூடத்தை இல்லை.

எல்லாம் வைத்த பிறகு ஒரு சோதனை. வீடியோ செட்டிங்கில் பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்திருப்பீர்கள், பெரும்பாலோர் அப்படித்தான். அதைக் கீழே இறக்கி "மூடி" (Moody) என்ற இடத்துக்குக் கொண்டுவந்து, இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஸ்மூத் லைட்டிங் ஆன் ஆக இருக்கட்டும். அந்த நிலையிலும் தடுக்கி விழாமல் நடக்க முடிந்தால் விளக்கு சரி. பாதுகாப்பைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம், எஃப்3 அழுத்தினால் நிற்கும் இடத்தின் வெளிச்சம் வரும். அதில் ஸ்கை (வானத்து வெளிச்சம்) எண்ணை விடுங்கள், பிளாக் (விளக்கு வெளிச்சம்) எண் 0 ஆக இல்லாவிட்டால் போதும்.

செங்கல்பொடி:

அக்கா சொன்னதற்குப் பிறகு உள்ளே சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாசலுக்கு ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் இரண்டு வாரம் ஏமாந்தேன்.

வாசல் விளக்கு அந்தியில் தானாக எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு, டேலைட் சென்சாரை (பகல் வெளிச்சத்தை அளந்து சிக்னல் தரும் கருவி) ஒருமுறை தட்டி இரவு நிலைக்கு மாற்றி, அதற்குக் கீழே காப்பர் பல்ப் வைத்தேன். 2024 ஜூனில் வந்த 1.21 பதிப்பில் வந்ததே, அது. பார்க்க ரெட்ஸ்டோன் லாம்ப்பைவிட நன்றாக இருக்கும். முதல் நாள் அந்தியில் எரிந்தது. காலையில் அணையவில்லை. சரி, பழுது என்று விட்டுவிட்டேன். அடுத்த அந்தியில் அணைந்துவிட்டது! இப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருட்டு. மழை பெய்தால் கணக்கு இன்னும் குழம்பும், ஏனென்றால் மழை மூட்டத்தையும் சென்சார் கொஞ்சம் இருட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

விஷயம் என்னவென்றால், காப்பர் பல்புக்கு மின்சாரம் தொடர்ந்து இருக்கிறதா என்பது முக்கியமில்லை. சிக்னல் வரும் அந்த நொடியில் நிலை மாறும், அவ்வளவுதான். எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். சிக்னல் போகும்போது ஒன்றும் செய்யாது. ஆகவே அந்தி விளக்குக்குப் பழைய ரெட்ஸ்டோன் லாம்ப்தான் சரி. சிக்னல் இருக்கும்வரை எரியும். காப்பர் பல்பைப் பொத்தானோடு வையுங்கள், வீட்டு ஸ்விட்ச் மாதிரி தட்டித் தட்டி ஏற்றி அணைக்கலாம்.

மெழுகுவத்தி கிடைக்காதவர்களுக்கு காப்பர் பல்ப் ஒரு மாற்று. புதிதாக இருக்கும்போது 15. களிம்பு ஏற ஏற 12, 8, கடைசியில் முழுப் பச்சையானதும் 4. பிடித்த அளவில் தேன்மெழுகு தடவினால் அங்கேயே நின்றுவிடும், அதிகமாகக் களிம்பேறிவிட்டால் கோடரியால் ஒரு படி சுரண்டலாம். மெழுகு தடவத் தேனீ வேண்டும் என்பது ஒரு சிக்கல். தடவாமல் விட்டாலும் மோசமில்லை, சாவகாசமாகப் பச்சையாகிக் கடைசியில் 4இல் நிற்கும். செய்ய மூன்று காப்பர் பிளாக், ஒரு பிளேஸ் ராட், கொஞ்சம் ரெட்ஸ்டோன் தூள். நான்கு பல்ப் வரும். நெதர் போனவருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

மரவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே பிடுங்க ஆரம்பித்துவிட்டேன். 43 டார்ச்சையும் எடுத்த பிறகு ஒரு நிமிடம் வீடு முழு இருட்டில் நின்றது. அப்போதுதான் ஜன்னல் வழியாக நிலா வெளிச்சம் வருவதையே முதல்முறையாகப் பார்த்தேன்.

கூடமும் மாடியும் அக்கா சொன்னபடி. கூடத்து மூலையில் எஃப்3 சரியாக 3 காட்டுகிறது, இவ்வளவு கணக்காக வரும் என்று நினைக்கவில்லை. மேஜைக்கு மேல் ஒரு லாந்தர், படிக்கட்டு மாடத்தில் ஒன்று, கணப்பில் கேம்ப்ஃபயர், அவ்வளவே வைத்திருக்கிறேன். வலது அறையில் ஒற்றை சோல் லாந்தர்.

ஒரே ஒரு இடத்தில் உதைக்கிறது. பரணில் இரண்டு பூசணியும் பதித்தேன், ஆனால் ஏணிப் பக்கம் தவிர எங்கே நின்றாலும் பிளாக் 0. விளக்கு எரிகிறதா என்றால் கீழே அறையிலிருந்து பார்த்தால் எரிகிறது. கம்பளி தீர்ந்துபோனதால் பரணில் மட்டும் கார்ப்பெட்டுக்குப் பதிலாக ஸ்ப்ரூஸ் ஸ்லாப் வைத்து மூடினேன். அரை உயரம்தானே, மேல் பாதி காலிதானே என்று நினைத்தேன். அதுதான் காரணமா? பரணை யார் பார்க்கப் போகிறார்கள், திறந்தே விட்டுவிடலாமா?

இடிமுழக்கம்:

குளோஸ்டோன் வைத்திருந்தால் இந்நேரம் தூங்கியிருக்கலாம். சும்மா சொன்னேன் ப்ரோ, படம் போடுங்கள்.

அந்திவிளக்கு:

ஸ்லாப்தான். அதன் மேல் பாதி காலி என்பது சரி, ஆனால் அடிப்பக்கம் முழுச் சதுரமாக மூடியிருக்கிறது, பூசணியின் தலையில் மூடி போட்ட மாதிரி. வெளிச்சம் அந்தப் பக்கம் தாண்டாது. படிக்கட்டு பிளாக்கைக் கவிழ்க்காமல் மேலே வைத்தாலும் இதே கதி. கார்ப்பெட், ட்ராப்டோர், கண்ணாடி இவை பரவாயில்லை. கண்ணாடியில் டின்டட் கிளாஸ் மட்டும் வேண்டாம், அந்தப் பக்கம் தெரியும், ஆனால் வெளிச்சத்தை விடவே விடாது. அதன் வேலையே அதுதான்.

கம்பளி இல்லையென்றால் பரணில் பூசணிமேல் ஒரு ட்ராப்டோரைத் தரையோடு மூடி வையுங்கள், கால் தட்டாது. திறந்தும் விடலாம், உங்கள் பரண் உங்கள் இஷ்டம். நான் விடமாட்டேன். ஏணியில் ஏறுகிறவர் முதலில் பார்ப்பது தரையிலிருந்து சிரிக்கும் ஒரு பூசணியின் தலையாக இருக்கும்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். கூரை முகட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்? சரிவு முழுக்கப் படிக்கட்டு பிளாக் என்றால் அதில் எதுவும் முளைக்காது. முகட்டில் மட்டும் முழு பிளாக் வரிசை போட்டிருந்தால், இரவில் கிரீப்பர் அங்கே உட்கார்ந்திருக்கும், நீங்கள் கதவைத் திறக்கும்போது தோளில் குதிக்கும். முகட்டு வரிசையைக் கீழ் ஸ்லாப்பாக மாற்றிவிடுங்கள், விளக்கே தேவையில்லை. இன்றைக்கு இருட்டுவதற்குள் ஏறிப் பார்த்துவிடுங்கள்.